‘சரி, வருகிறேன்’ என்று அவர் சொல்லும் நாளுக்காக

குடியை விட முடியாமல் தவிப்பவரைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே நம் வீடுகளில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். ‘அவனாகத் திருந்தினால்தான் உண்டு’ என்பது ஒன்று. ‘பிடித்துக்கொண்டுபோய் எங்காவது அடைத்துவைத்தால்தான் சரிப்படும்’ என்பது மற்றொன்று. முதல் தீர்ப்பு குடும்பத்தைக் கைகட்டி உட்காரவைக்கிறது. இரண்டாவது, குடிப்பவரின் மனத்தில் சிகிச்சை என்ற சொல்லையே தண்டனையாக்கிவிடுகிறது. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே குடும்பத்தார் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. குடிப்பவர் முழு மனத்தோடு சம்மதிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம், கையைக் காலைக் கட்டி இழுத்துப்போகவும் வேண்டாம். அவருக்குள் அவ்வப்போது எழுந்து அடங்கும் சின்னச் சம்மதத்தை அடையாளம் கண்டு, அந்த நேரத்தில் தயாராக இருந்தால் போதும். பெங்களூரில் வாழும் நம் குடும்பங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் நிலைமை என்ன என்று பார்ப்போம். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2019-ல் வெளியாயின. 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள் என்றது அது. மதுவுக்கு அடிமையாகிவிட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2015-16-ல், பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வும் இதே கதையைத்தான் சொன்னது: மதுப் பழக்கத்தால் சிகிச்சை தேவைப்படுவோரில் சுமார் 86 சதவீதம் பேருக்கு அது போய்ச் சேரவில்லை.

கிராமங்களில் மருத்துவமனை தொலைவில் இருக்கிறது என்று ஒரு காரணம் சொல்லலாம். பெங்களூரில் அதைச் சொல்ல முடியாது. நாட்டிலேயே முதன்மையான மனநல நிறுவனமான அந்த நிம்ஹான்ஸ் ஓசூர் சாலையில் இருக்கிறது. போதைப் பழக்கத்துக்கென்றே அதில் ஒரு தனி மையம் இருக்கிறது. ஆஸ்டின் டவுன், விவேக் நகர், அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்பி டவுன் என்று நம்மவர்கள் தலைமுறைகளாக வாழும் எந்தப் பகுதியிலிருந்தும் நகரப் பேருந்தில் ஏறினால் போய்விடலாம். தூரம் காரணமில்லை என்றால் வேறு எது தடுக்கிறது?

குடிப்பவரிடம் கேட்டால் ‘எனக்கென்ன, நான் வேலைக்குப் போகவில்லையா?’ என்பார். அது பொய்யில்லை. பீன்யாவில் லேத் பட்டறையில் ஒரு நாள் கூடத் தவறாமல் நிற்பவர்களிலும் மதுவுக்கு அடிமையானவர்கள் உண்டு. ‘தினமும் ஒரு குவார்ட்டர்தானே’ என்பார். கணக்குப் போட்டுப் பார்த்தால், 180 மில்லி விஸ்கியிலோ பிராந்தியிலோ சுமார் 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு அளவு என்று எடுத்துக்கொள்வது 10 கிராமை. ஆக, ‘ஒரு குவார்ட்டர்தானே’ என்பது நாள்தோறும் ஆறு அளவு. கர்நாடகத்தில் 2007 ஜூலையில் சாராயம் தடை செய்யப்பட்டபோது குடி குறைந்துவிடும் என்று பல பெண்கள் நம்பினார்கள். சாராயப் பாக்கெட் இருந்த இடத்தில் 90 மில்லி விஸ்கி பாக்கெட் வந்து உட்கார்ந்ததுதான் மிச்சம்.

மறுப்புக்குப் பின்னால் வெட்கம் இருக்கிறது, பயமும் இருக்கிறது. நிம்ஹான்ஸ் என்றாலே ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த தெருக்களில், அந்த வாசலில் நம்மை யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம். குடிக்காமல் இருந்தால் உடம்பு என்ன பாடுபடும் என்பதை அனுபவித்தவரின் பயம் இன்னும் பெரிது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது திமிராகத் தெரிகிறது. உள்ளே விட வேண்டும் என்ற ஆசையும் விட்டால் செத்துவிடுவோமோ என்ற நடுக்கமும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வளர்ந்த பேச்சு முறையின் அடிப்படையே இந்த இரட்டை மனம்தான். நாம் ‘விடு, விடு’ என்று ஒரு பக்கம் நின்று வாதாடினால், அவர் தவிர்க்க முடியாமல் மறு பக்கத்துக்குப் போய்க் குடிக்காக வாதாடுவார். வாதாட வாதாட, தன் வாயால் சொன்னதையே அவர் நம்பத் தொடங்குவார். விடுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று அந்த முறை சொல்வது இதனால்தான்.

இந்த இடத்தில் நம் ஊர் ஞாயிற்றுக்கிழமைப் பஞ்சாயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து தாய்மாமன் வருவார், ஆம்பூரிலிருந்து மூத்த மைத்துனர் வருவார். சமைத்துப் பரிமாறி முடித்ததும் அவரை நடுக்கூடத்தில் உட்காரவைப்பார்கள். ஆளுக்கொரு குற்றப்பத்திரிகை வாசிக்கப்படும். கடைசியில் மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்குவார்கள். அவரும் அழுவார், எல்லோரும் அழுவார்கள், மாமா நிம்மதியாகப் பஸ் ஏறுவார். சில நாட்களில் சத்தியம் உடையும். உடைந்த பிறகு வருவதுதான் கொடுமை. மகள் தலையில் வைத்த சத்தியத்தை மீறிவிட்டோம் என்ற குற்ற உணர்வையும் சேர்த்து அவர் குடிப்பார். அந்தப் பெண் குழந்தையோ, தனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இரவெல்லாம் பயந்து கிடக்கும். பெரியவர்கள் அன்பால்தான் இதைச் செய்கிறார்கள். ஆனால் குழந்தையின் தலையைப் பணயமாக வைக்கும் இந்த வழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு முறை இருந்தது. வெர்னான் ஜான்சன் என்ற பாதிரியார் 1970-களில் பரப்பிய முறை அது. குடும்பமும் நண்பர்களும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்துக்கொண்டு, குடிப்பவரைச் சுற்றி உட்கார்ந்து ஒரே நேரத்தில் உண்மையைச் சொல்லி, அன்றே சிகிச்சைக்கு அழைத்துப்போவார்கள். அது எவ்வளவு தூரம் பலிக்கிறது என்று பார்க்க மில்லரும் ராபர்ட் மேயர்ஸும் இன்னொருவரும் சேர்ந்து 130 குடும்பத்தினரை வைத்து ஓர் ஆய்வு செய்து 1999-ல் வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு வர மறுக்கும் ஒருவரின் மனைவி, கணவர், பெற்றோர் போன்றவர்கள் அந்த 130 பேர். அவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான் அமைப்பின் வழி: அவரை மாற்ற முயலாமல் உங்கள் மன அமைதியைப் பாருங்கள் என்பது. இரண்டாம் பிரிவுக்கு ஜான்சன் முறை. மூன்றாம் பிரிவுக்கு மேயர்ஸ் உருவாக்கிய கிராஃப்ட் என்னும் குடும்பப் பயிற்சி. குடிப்பவர் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தது முதல் பிரிவில் 13 சதவீதம், இரண்டாவதில் 30, மூன்றாவதில் 64.

ஜான்சன் முறை ஏன் 30-லேயே நின்றது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. நேருக்கு நேர் உட்கார்ந்து பேசி முடித்த குடும்பங்களில் பெரும்பாலானவை ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்துவிட்டன. ஆனால் பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்த நாள் வரை போகவே மனம் வரவில்லை, நடுவிலேயே விலகிவிட்டன. கட்டிய கணவனை, பெற்ற மகனை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்துவது எளிதில்லை. மூன்றாம் பிரிவிலோ, குடும்பத்தார் சராசரியாக நான்கு முதல் ஆறு அமர்வுகள் பயிற்சி பெற்ற நிலையிலேயே குடிப்பவர் சிகிச்சைக்கு வந்துவிட்டார். இன்னொன்றும் தெரிந்தது. மூன்று பிரிவுகளிலுமே, குடிப்பவர் வந்தாலும் வராவிட்டாலும், பயிற்சிக்கு வந்த குடும்பத்தினரின் மனநிலை மேம்பட்டது. இந்தக் கடைசிச் செய்தியை மனைவிமாரும் தாய்மாரும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் வந்தால்தான் உங்களுக்கு உதவி என்று எந்த விதியும் இல்லை.

அது அமெரிக்க ஆய்வு, நம் வீடு வேறு என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பயிற்சியின் உள்ளே இருப்பதைப் பிரித்துப் பார்த்தால் எதுவும் அந்நியமாகத் தெரியாது. அது முதலில் கேட்கச் சொல்வது இந்தக் கேள்வியை: உங்கள் வீட்டில் அவர் குடிக்காத மாலை எப்படி இருக்கிறது, குடித்த மாலை எப்படி இருக்கிறது?

பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. குடித்துவிட்டு வந்தால் வீடு அடங்கிப்போகும். ‘பேசாதே, தூங்கட்டும்’ என்று பிள்ளைகளை அதட்டி, தட்டில் சோறு வைத்து, செருப்பைக் கழற்றி, போர்வை போர்த்திவிடுவார்கள். குடிக்காமல் வந்த மாலையிலோ, அன்றைக்குத்தான் காது கேட்கும் என்பதால், பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம், போன மாதம் மைத்துனி முன்னால் பேசிய பேச்சு எல்லாவற்றையும் எடுத்துவைப்பார்கள். குற்றம் சொல்லவில்லை. மனைவிக்கும் அந்த ஒரு மாலைதான் கிடைக்கிறது. ஆனால் அவருடைய மனத்தில் பதிவது என்ன? குடித்தால் அமைதி, குடிக்காவிட்டால் விசாரணை. இதைத் திருப்பிப் போடச் சொல்கிறது கிராஃப்ட். குடிக்காத மாலையில் அவருக்குப் பிடித்த குழம்பு, பிள்ளைகளோடு கேரம், சேர்ந்து ஒரு நடை. கணக்கு வழக்கு வேறொரு நேரத்துக்கு. குடித்த மாலையில் சண்டையும் வேண்டாம், சேவையும் வேண்டாம். ‘இப்போது பேச முடியாது, நாளை பேசுவோம்’ என்று சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும்.

குடியின் விளைவுகளை மூடி மறைக்காமல் இருப்பதும் இதோடு சேர்ந்தது. பட்டறை முதலாளிக்கு ‘அவருக்குக் காய்ச்சல்’ என்று போன் செய்வது, ஒயின் ஷாப் கடனை மூக்குத்தியை அடகு வைத்து அடைப்பது, வாந்தியெடுத்த இடத்தை அவர் எழுவதற்குள் கழுவிவிடுவது எல்லாம் மானத்தைக் காப்பதற்காகச் செய்வதுதான். அதனால் குடியின் விலையை வீடே கட்டிவிடுகிறது, அவருக்கு அது தெரியவே வராது. முதலாளிக்கு அவரே போன் செய்யட்டும். ஆனால் உயிருக்கு ஆபத்தான எதையும் ‘விளைவை அனுபவிக்கட்டும்’ என்று விட்டுவிடக் கூடாது. மழையில் சாலையோரம் கிடந்தால் தூக்கி வரத்தான் வேண்டும்.

அடிக்கிற கை என்றால் இந்த அறிவுரைகளெல்லாம் பிறகுதான். முதலில் உங்கள் உடம்பையும் குழந்தைகளையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். நம்பகமான பக்கத்து வீட்டில் ஒரு பை, அதில் ஆதார், ரேஷன் அட்டை, கொஞ்சம் பணம். 112 காவல் உதவிக்கு, 181 பெண்களுக்கான உதவி எண். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீட்டை விட்டு உங்களை வெளியேற்ற முடியாத பாதுகாப்பையும் தருகிறது. ‘நீ ஒழுங்காக இருந்தால் அவன் ஏன் குடிக்கிறான்’ என்று மாமியார் சொன்னால் அதை நம்பிவிடாதீர்கள். ஒருவரின் குடிக்கு இன்னொருவர் காரணமாக முடியாது.

சரி, எப்போது பேசுவது, எப்படிப் பேசுவது? ஸ்ரீராமபுரத்தில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். கணவர் பட்டறைத் தொழிலாளி, மனைவி கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறவர். சனிக்கிழமை இரவு அவர் மாடிப்படியில் விழுந்து கிடந்தார். ஞாயிறு காலை, காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோகப் பாடுபடுகிறார். போதை தெளிந்திருக்கிறது, அடுத்த சுற்று இன்னும் தொடங்கவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

“என்னங்க, ஒன்று சொல்லட்டுமா?”

“சொல்லு.”

“நேற்று நீங்கள் படியில் கிடந்தபோது பாப்பா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.”

“இனிமேல் இல்லை. விடு.”

“உங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். காலையில் கை இப்படி நடுங்குகிறது, ராத்திரி தூக்கமும் இல்லை. ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிட்டு வருவோமா? நானும் வருகிறேன்.”

“பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா?”

“குடிப் பழக்கத்தையும் பார்க்கிற டாக்டர்தான். கை நடுக்கத்தையும் தூக்கத்தையும் அவரிடம்தான் காட்ட வேண்டும். அட்மிட் ஆக வேண்டுமா, மாத்திரை போதுமா என்று நீங்களே அவரைக் கேளுங்கள்.”

“பார்க்கலாம்.”

“சரி.”

அவ்வளவுதான், அந்த அம்மா எழுந்து தோசை வார்க்கப் போய்விடுகிறார். இதில் நடந்ததைக் கவனியுங்கள். ‘குடிகாரர்’ என்ற பட்டம் வரவில்லை. கண்ணால் கண்ட ஒரு காட்சி, தன் மனத்தில் எழுந்த ஓர் உணர்வு, அதற்கு மேல் எதுவும் இல்லை. ‘இனிமேல் இல்லை’ என்று அவர் சொன்னதும் ‘எத்தனை தடவை கேட்டாயிற்று’ என்ற பதில் நுனிநாக்கு வரை வந்திருக்கும், அதை அந்த அம்மா விழுங்கிவிட்டார். கேட்டது வாழ்நாள் சபதம் இல்லை, ஒரே ஒரு தடவை டாக்டரைப் பார்ப்பது. அவருக்கே தொல்லையாக இருக்கும் நடுக்கத்தையும் தூக்கமின்மையையும் சொல்லி அழைத்தார், ஆனால் எந்த டாக்டர் என்பதை மறைக்கவில்லை. முடிவு அவர் கையில் என்பதையும் சொல்லிவிட்டார். ‘பார்க்கலாம்’ என்ற பதில் கிடைத்ததும் அதை அதற்கு மேல் இழுக்காமல் நிறுத்தினார். நேற்று வரை ‘முடியாது’ என்றவரிடமிருந்து ‘பார்க்கலாம்’ வருவது சின்னச் செய்தியில்லை.

இப்படிப்பட்ட நேரங்கள் எல்லா வீட்டிலும் வரும். மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, வண்டியிலிருந்து விழுந்த மறுநாள், கம்பெனியில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்த வாரம், கூடக் குடித்த நண்பர் செத்துப்போன நாள். சம்பள நாளும் கல்யாண வீடும் அதற்கானவை அல்ல.

நம்மவர்களிடம் இதற்கென்றே ஆண்டுதோறும் வரும் ஒரு காலம் உண்டு: கார்த்திகை. அல்சூர் முதல் எச்.ஏ.எல். வரை ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களின் கறுப்பு வேட்டி தெருவெல்லாம் தெரியும். ஆண்டு முழுக்கக் குடிக்கிறவர் 41 நாள் விரதத்தில் ஒரு சொட்டும் தொடமாட்டார். வீட்டில் இரண்டு விதமாக இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘41 நாள் இருக்க முடிகிறதே, அப்படியானால் வேண்டுமென்றுதான் குடிக்கிறார்’ என்று கோபப்படுவது ஒன்று. ‘சாமியே நிறுத்திவிட்டார், இனி டாக்டர் எதற்கு’ என்று நம்புவது மற்றொன்று. விரதம் காட்டுவது என்னவென்றால், அவருக்குள் விட வேண்டும் என்ற ஆசை உயிரோடு இருக்கிறது என்பதைத்தான். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றும் நாள்தான் ஆபத்தான நாள். அந்த நாளுக்கு முன்பே, விரதத்தின் நடுவில், தெளிந்த தலையோடு இருக்கும்போது ‘இப்படியே தொடர டாக்டரிடம் ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்போமா?’ என்று கேட்டால், பல ஆண்டுகளாகக் கிடைக்காத பதில் கிடைக்கக்கூடும்.

ஆனால் மாலை போடுவதிலேயே ஒரு பெரிய ஆபத்து உண்டு. காலையிலேயே குடிக்க வேண்டிய நிலையில் இருப்பவர், கை நடுக்கம் உள்ளவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், கார்த்திகை முதல் தேதி திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்துக்குப் பிறகு நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலிக்கும்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள், காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு படபடக்கும். மாலை போட்ட வீட்டில் இது நடந்தால் ‘சாமி குற்றம்’ என்றோ ‘காற்று கருப்பு அண்டிவிட்டது’ என்றோ நினைத்துக் கோயிலுக்கும் தர்காவுக்கும் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். இது மதுவை நிறுத்தியதால் மூளையில் எழும் கொந்தளிப்பு. மருத்துவமனையில் உரிய மருந்துகளும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்தால் பெரும்பாலோர் சில நாட்களில் தெளிந்துவிடுகிறார்கள். விட்டுவிட்டால் இறந்துபோகவும் கூடும். எனவே நிறைய குடிக்கிறவரை, டாக்டரைப் பார்க்கும் நாள் வரை ‘இன்றே நிறுத்து’ என்று கட்டாயப்படுத்தாதீர்கள். குறைப்பதையும் நிறுத்துவதையும் டாக்டர் மேற்பார்வையில் நடத்துவதுதான் பாதுகாப்பு.

அடுத்து, சோற்றில் கலக்கும் மருந்து. ‘நோயாளிக்குத் தெரியாமலேயே குடியை நிறுத்தலாம்’ என்ற விளம்பரத்தைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. பெயர் தெரியாத பொடியில் என்ன இருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. இதற்கென்று தெரிந்த மருந்து டைசல்ஃபிராம். 1940-களின் இறுதியில் டென்மார்க்கில் மதுச் சிகிச்சைக்கு வந்தது. இது உடம்பில் இருக்கும்போது குடித்தால், ஆல்கஹால் முழுதாகச் சிதையாமல் பாதியில் நச்சாகத் தங்கிவிடும். முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். இதயக் கோளாறு உள்ளவர் இறந்தே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை கூட இந்த வினை வரலாம். குழம்பில் கலந்து கொடுத்துவிட்டு, அவர் ஒயின் ஷாப்புக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய அபாயம் என்று யோசியுங்கள். பிழைத்துக்கொண்டாலும், ‘எனக்கு விஷம் வைத்தாள்’ என்ற நினைப்பு அந்த வீட்டைவிட்டுப் போகாது. அதே மாத்திரையை டாக்டர் விளக்கிச் சொல்லி, அவரே சம்மதித்து, தினமும் காலையில் மனைவி கையால் வாங்கி விழுங்கினால் நன்றாகவே வேலை செய்கிறது. அதற்கு ஒத்துவராதவர்களுக்கு ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற வேறு மருந்துகளும் இருக்கின்றன.

வேன் வைத்து ஆளைத் தூக்கிச் செல்லும் மறுவாழ்வு இல்லங்களும் நகரின் விளிம்புகளில் இருக்கின்றன. இரவில் நான்கு பேர் வந்து கட்டிக்கொண்டுபோய், மூன்று மாதம் குடும்பத்தாரையே பார்க்கவிடாமல் வைத்திருக்கும் இடத்தைச் சிகிச்சை என்று சொல்ல முடியாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. மது, போதைப்பொருளால் வரும் மனநிலைக் கோளாறுகளும் அதற்குள் வருகின்றன. அதன்படி இப்படிப்பட்ட நிலையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது குற்றம். நோயாளியின் சம்மதம் இல்லாமல் சேர்ப்பதற்கு வழி உண்டு, ஆனால் அது குறுகிய வழி. தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலையிலோ, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையிலோ இருப்பவரை, இரண்டு வல்லுநர்கள் தனித்தனியாகப் பரிசோதித்த பிறகு, அவருடைய பிரதிநிதியின் விண்ணப்பத்தின்பேரில் முதலில் 30 நாள் வரை சேர்க்கலாம். ‘தினமும் குடிக்கிறார், எங்களால் தாங்க முடியவில்லை’ என்பது மட்டும் அதற்குப் போதாது. ஓர் இல்லத்தைப் பற்றி யாராவது சொன்னால் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், மனநல மருத்துவர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், எப்போது நாங்கள் பார்க்கலாம் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பிவிடுங்கள்.

மகன் கஞ்சாவிலோ வலி மாத்திரையிலோ சிக்கியிருந்தால் பேசும் முறை பெரிதாக மாறாது. போலீஸ் பயம்தான் கூடுதல். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டத்தில், சிறிய அளவில் தன் உபயோகத்துக்கு வைத்திருந்து வழக்கில் சிக்கியவர், அரசு அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற 64-ஏ பிரிவு வழி செய்கிறது. ஓபியம் வகை மருந்துகளை நிறுத்தியவர் மீண்டும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்று இறக்கும் ஆபத்து மிக அதிகம். அதைப் பெற்றோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது? வீட்டிலிருந்தபடியே என்றால் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை இது. இரவும் பகலும் கட்டணமில்லாமல் இயங்குகிறது, தமிழில் பேசலாம். குடும்பத்தினர் தாங்களாகவே அழைக்கலாம், அவர் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. போதைப் பழக்கத்துக்கென்று 14446 என்ற எண்ணும் உண்டு. நேரில் என்றால் நிம்ஹான்ஸின் போதை மருத்துவ மையம். பிபிஎல் ரேஷன் அட்டை வைத்திருந்தால் கட்டணச் சலுகை உண்டு. எல்லோரையும் அங்கே படுக்கையில் சேர்த்துவிடுவார்கள் என்பது தவறான எண்ணம். வெளிநோயாளியாகவே பலருக்கு மருந்தும் ஆலோசனையும் போதும். நகரில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பல நடக்கின்றன. குடித்து மீண்டவர்களே நடத்தும் கூட்டங்கள் அவை, பணம் கேட்பதில்லை. குடும்பத்தாருக்கு அல்-அனான். இறந்த கணவரின் நினைவில் மனைவி ஓர் இயக்கத்தையே தொடங்கிய வரலாறும் தமிழ்நாட்டில் உண்டு: கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிலையத்தில், நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்தே சிகிச்சைக்குள் கொண்டுவந்தார்கள். அவருக்கு 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதையெல்லாம் அவர் ‘சரி’ என்று சொன்ன பிறகு விசாரிக்கத் தொடங்கினால் பிந்திவிடும். ‘சரி, வருகிறேன்’ என்று திங்கட்கிழமை காலை சொல்பவர் செவ்வாய்க்கிழமை மாலை அதை மறந்திருப்பார். எந்த நாளில் எந்தப் பிரிவு, எத்தனை மணிக்குச் சீட்டு எழுத வேண்டும், உடன் யார் வருவார், பிள்ளைகளை யார் பார்ப்பார் என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். உடன் வருபவர் அவர் மதிக்கும் ஒருவராக இருந்தால் நல்லது, அறிவுரை சொல்லாத மச்சானாக இருந்தால் மிக நல்லது. கையில் ஒரு கவர் வைத்திருங்கள். அடையாள அட்டை, ரேஷன் அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள், தற்போது சாப்பிடும் மாத்திரைகள், எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா என்று எழுதிய ஒரு தாள். வரிசையில் நிற்கும்போது பசியும் நடுக்கமும் சேர்ந்து ‘போகலாம் வா’ என்று கிளம்பிவிடுவார். இட்லிப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் அந்தக் கவரோடு சேர்ந்தே இருக்கட்டும்.

சிகிச்சை முடிந்து வந்த பிறகு சில மாதங்களில் ஒரு நாள் குடித்துவிட்டு வந்தால் ‘பார்த்தீர்களா, நாய் வாலை நிமிர்த்த முடியுமா’ என்று சொல்ல உறவில் ஆள் இருப்பார்கள். சர்க்கரை ஏறியவரை டாக்டரிடம் திரும்ப அழைத்துப்போவதைப் போலத்தான் இதுவும். அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே கூட்டிப்போங்கள், எங்கே என்ன நடந்து குடித்தார் என்பதை டாக்டரிடம் அவரே சொல்லட்டும். அவர் பாதி வழியில் பஸ் நிறுத்தத்திலேயே ‘நான் வரவில்லை’ என்று திரும்பிவிட்டாலும், நீங்கள் மட்டும் அந்தக் கவரை எடுத்துக்கொண்டு போய் ஆலோசகரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.